பந்தி வீடியோவில் தெரிந்த தாடை

1

சென்ற வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கேட்டி என்ற அமெரிக்க மாணவி என் அறைக்கு வந்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட அந்த வேடிக்கை வீடியோ வேண்டும் என்று கேட்டாள். எந்த வீடியோ என்றேன். எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டேன். "உங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஒருவர் சாப்பிடுவாரே, பன்றி மெல்லுவதையும் அவர் மெல்லுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினீர்களே, அது" என்றாள். அழித்துவிட்டேன் என்றேன். எவ்வளவு நல்ல வீடியோ என்று வருத்தப்பட்டுக்கொண்டு போனாள். நல்ல பெண், அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அந்த ஒருவர் என் அக்காவின் கணவர். வீடியோவை நான் அழிக்கவும் இல்லை.

அத்தான் போன ஆவணியில் இறந்துபோனார். அவர் உயிரோடு இருந்தவரை இதை எழுத எனக்கு அனுமதி கிடையாது. அனுமதி தராதவள் அக்கா. இப்போது எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "என்னமும் செய்யி, எனக்கு வாசிச்சுக் காட்டாத" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். அதை அனுமதி என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

2

இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஒரு பல்கலைக்கழக ஊர். வருடத்தில் ஐந்து மாதம் பனி, மிச்ச மாதங்களில் பனி வரப்போகிறது என்ற பேச்சு. விலங்குகள் எப்படி மெல்லுகின்றன, எப்படி விழுங்குகின்றன என்று எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பார்ப்பது என் பிழைப்பு.

அறையின் நடுவே கண்ணாடி மாதிரியான ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு பன்றி, அதன் முன்னால் தீனிக் கிண்ணம். இரண்டு எக்ஸ்ரே குழாய்கள் இரண்டு கோணங்களிலிருந்து அதன் முகத்தைப் பார்த்தபடி இருக்கும். பன்றியின் மண்டையிலும் கீழ்த்தாடையிலும் கடுகைவிடச் சிறிய உலோக மணிகளை மயக்கம் கொடுத்து முன்பே பதித்திருப்போம். படத்தில் அவை கரும்புள்ளிகளாகத் தெரியும். நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்கள். ஒவ்வொரு படத்திலும் புள்ளி எங்கே இருக்கிறது என்று கணினிக்குக் காட்டிக்கொடுத்தால், தாடை எவ்வளவு இறங்கியது, எந்தப் பக்கம் சாய்ந்தது, எந்தக் கடைவாய்ப் பல்லில் தீனி அரைபட்டது என்று மயிரிழை பிசகாமல் சொல்லிவிடும். நான் காலை எட்டு மணிக்கு ஈயக் கவசத்தை மாட்டிக்கொள்கிறேன். மத்தியானத்துக்குமேல் உட்கார்ந்து புள்ளி வைக்கிறேன். கோலம் போடுகிறவர்கள்கூட ஒரு நாளில் இத்தனை புள்ளி வைக்கமாட்டார்கள்.

ஊரில் இதைச் சொல்லிப் புரியவைக்க நான் முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எக்ஸ்ரே என்ற ஒரு சொல்தான் அவர்கள் காதில் ஏறியது. திருநெல்வேலி பேட்டையில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை நான் அமெரிக்காவில் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். மூட்டுவலிக்காரர்கள் தங்கள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பிடித்த விரலும் தெரிய, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார்கள். "தம்பி, டாக்டர் ஆப்பரேசன்ங்காரு. தேஞ்சிருக்கா இல்லியான்னு நீ பாத்துச் சொல்லுடே." நான் மனிதர்களுக்கு எடுப்பதில்லை அண்ணாச்சி என்று பதில் எழுதினால், அடக்கமாகப் பேசுகிறான் என்று அதற்கும் ஒரு பாராட்டு வரும். பன்றி என்ற சொல்லை மட்டும் நான் வீட்டில் எடுக்கவே இல்லை. எங்கள் வீடு சைவம். முட்டை வாங்கிவந்த பையை வாசலோடு நிறுத்துகிற வீடு.

அதைப் போட்டு உடைத்தவள் என் மகள் உமா. அப்போது அவளுக்கு ஏழு வயது. அக்கா போனில் அப்பா எங்கேம்மா என்று கேட்க, "அப்பா பன்னிக்கு சாப்பாடு குடுக்க போச்சு" என்று தன் தமிழில் சொல்லிவிட்டாள். நான் திரும்பக் கூப்பிட்டபோது அக்கா, "குளிச்சிட்டுத்தானடே வீட்டுக்குள்ள வாரே?" என்று மட்டும் கேட்டாள். உமாவுக்கு இப்போது பதினாறு. தமிழில் பன்றி என்று சொல்லச் சொன்னால்கூடத் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாள்.

என் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அத்தான் ஒருவர்தான். அவருக்குப் பேட்டையில் லேத் பட்டறை. பம்புக்கு உதிரி சாமான் கடைந்து கொடுப்பார். ஒருமுறை விடுமுறைக்குப் போயிருந்தபோது லேப்டாப்பில் பன்றித் தாடை அசைவதைப் போட்டுக் காட்டினேன். லேத்தை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"கீலுதானே மச்சான் இது? ரெண்டு பக்கமும் கீலு. ஆனா கதவுக் கீலு மாதிரி நின்ன எடத்துல நிக்கல, நழுவுது."

ஆமாம் என்றேன். நாங்கள் வருடக்கணக்காகக் கட்டுரை எழுதிச் சொல்வதை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

"இது பாரு, ஒரு மெல்லுக்கு இந்தப் பக்கம், அடுத்த மெல்லுக்கு அந்தப் பக்கம். தேய்மானத்த ரெண்டு பக்கமும் பிரிச்சுக் குடுக்கு. பன்னிக்கு இருக்க புத்தி, பம்ப ஒரு பக்கமாத் தேயவிடுத நம்ம கஸ்டமருக்கு இல்லையேவே" என்று சிரித்தார். சிரிக்கும்போது இடது கடைவாயில் அடக்கிவைத்திருந்த போயிலை தெரிந்தது.

3

எங்கள் பக்கம் போயிலை என்று சொல்கிற புகையிலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும்.

அத்தான் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் வாசல்படி ஏறினால் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். மாப்பிள்ளையிடம் எதிர்த்துப் பேசக்கூடாது, குறை சொல்லக்கூடாது, அவர் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. கேட்டால், பெண் கொடுத்த வீட்டுக்கு நாக்கு நீளம் என்று ஆகிவிடும். அத்தான் இதையெல்லாம் எதிர்பார்த்தவர் இல்லை. கல்யாணமான புதிதில், பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்த என்னைப் பாபநாசத்துக்குக் கூட்டிப்போய், ஆற்றில் என்னோடு சரிக்குச் சரி கும்மாளம் போட்டவர். கொட்டைப்பாக்கைக் கடைவாயில் வைத்து ஒரே கடியில் உடைத்து என் கையில் துப்பிக் காட்டுவார். அவர் எப்படி இருந்தாலும் நாங்கள் எங்கள் மரியாதையை விடவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பதும் அந்த மரியாதையில் சேர்ந்தது. அக்கா பிள்ளைக்குப் பலகாரம், அத்தானுக்கு வெற்றிலையும் நல்ல யாழ்ப்பாணப் போயிலையும். அப்பா இருந்தவரை அப்பா வாங்கிக்கொண்டு போனார். அவருக்குப் பிறகு நான். விமானத்தை விட்டு இறங்கி, டவுணில் அவருக்குப் பழக்கமான கடையில் காரை நிறுத்தி, போயிலை வாங்கிக்கொண்டுதான் பேட்டைக்குப் போவேன். தாடையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன், அதற்காகச் சம்பளம் வாங்குகிறவன், ஒருமுறை தவறாமல் வாங்கிக்கொண்டு போனேன். வாய்ப்புற்று எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியாதா? போயிலைப் பொட்டலத்தின்மேல் புற்று வந்த வாயின் படமே போட்டிருக்கிறது. படம் தெரியாமல் காகிதத்தில் பொதிந்து தரும்படி கடைக்காரரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன், மாப்பிள்ளைக்குக் கொடுக்கும்போது நன்றாக இருக்காது என்று.

4

மூன்று வருடத்துக்கு முன் அக்கா மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன், மாலை எடுத்துக் கொடுக்கவேண்டியவன். போகவில்லை. இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அது நடந்துகொண்டிருக்கும்போது பயண அனுமதிக் காகிதம் இல்லாமல் வெளியே போனால், விண்ணப்பத்தை நானே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்களாம். காகிதம் வரும் என்றார்கள். கல்யாணத்துக்கு வரவில்லை. கல்யாணம் முடிந்து ஒன்பது மாதம் கழித்து, பிள்ளை பெறுகிற கணக்காக, தபால் பெட்டியில் வந்து கிடந்தது.

இரண்டு மாதம் கழித்து எனக்கு வந்ததெல்லாம் கல்யாண வீடியோ. எங்கள் பக்கத்து வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தாலி கட்டுவது மூன்று நிமிடம் என்றால் பந்தி அரை மணி நேரம் இருக்கும். வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இலை இலையாக வருவார். வாயில் சோற்றோடு மெல்லவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் ஊரே விழிக்கும். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்பதற்கு அது சாட்சி. என்னைப் போன்ற ஒருவனுக்கு அது வேறொன்றும்கூட. முந்நூறு பேர், நல்ல வெளிச்சம், ஒவ்வொரு தாடையும் கிட்டத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை காபியும் கையுமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் தேங்காய்ப்பால் சொதி ஊற்றுகிற மறுவீட்டுப் பந்தி வந்தது. பெண்ணைப் பெற்றவர் என்பதால் அத்தான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். வீடியோக்காரர் அவர்முன் நாற்பது நொடி நின்றார். அத்தான் சிரித்தார். ஒரு கவளம் எடுத்தார். வலது பக்கமே மென்றார். அடுத்த கவளமும் வலது. தாடை முன்போல் இறங்கவில்லை, உதடு கொஞ்சம் விலகியது, அவ்வளவுதான். சோற்றை விரலால் தட்டையாக்கி உள்ளே தள்ளினார். இலையில் சிப்ஸ் வைத்தபடி இருந்தது. இஞ்சித் துவையலும் வைத்தபடி இருந்தது. சொதிக்கு இஞ்சித் துவையலைத் தொடாத திருநெல்வேலிக்காரனை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். இதை மறைத்து எழுதிப் பிரயோசனமில்லை. எவ்வளவு சுத்தமான ஒருபக்க மெல்லல் என்று சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை அந்த நாற்பது நொடியை வெட்டியெடுத்து, அவர் முகவாயிலும் மூக்கு நுனியிலும் புள்ளி வைத்து, படம் படமாகத் தொடர்ந்தேன். புதன்கிழமைக் கூட்டத்தில் ஒரு பக்கம் எங்கள் பன்றி, மறுபக்கம் அத்தான். பன்றி இடம், வலம், இடம், வலம். அத்தான் வலம், வலம், வலம். "என் அத்தானைவிடப் பன்றி நடுநிலையானது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வருடத்தில் இந்த ஊரில் நான் சொன்ன நகைச்சுவைக்கு ஓர் அறையே சிரித்தது அன்றைக்குத்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

பின்வரிசையில் பல் மருத்துவத் துறையிலிருந்து வந்த வயதான பெண்மணி ஒருவர் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் பிஸ்கட் எடுக்கப் போனபோது என்னிடம் வந்தார்.

"அவர் புகையிலை மெல்லுவாரா?"

"ஆமாம்."

"எந்தப் பக்கம்?"

"இடது."

"மெல்லாத பக்கமும் இடது" என்றார். "வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்தால் பற்களுக்கு நடுவே நுழையவேண்டும். நுழையாவிட்டால் அந்த வாரமே மருத்துவரிடம் போகவேண்டும்."

நன்றி சொன்னேன்.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். இங்கே காலை, அங்கே சாயங்காலம். அக்கா எடுத்து அத்தானிடம் கொடுத்தாள். மூன்று விரலை வைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும் என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

"என்னவே மச்சான், சௌக்கியமா? வீடியோ பாத்தியா?"

"பாத்தேன் அத்தான். எல்லாம் நல்லா இருந்துது." பிறகு எப்படியோ துணிந்து கேட்டேன். "சாப்பாடெல்லாம் எப்படிப் போகுது அத்தான்?"

"அதுக்கென்ன, நல்லாச் சாப்பிடுதேன்."

"பல்லு, கில்லு ஏதும்…"

"வயசாகுதுல்லா, ஒண்ணு ரெண்டு ஆடும். ஆடட்டும்" என்றார். குரலில் ஒரு சின்ன இறுக்கம் இருந்தது. பெண் கொடுத்த வீட்டுப் பையன் எல்லை தாண்டுகிறான் என்ற இறுக்கமா, பயந்த மனிதனின் இறுக்கமா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அப்பாவின் பிள்ளையாகப் பயந்து, "சரி அத்தான், உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று முடித்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், போனை வைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கேட்டாயிற்று, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். இனி அந்தப் பெண்மணி எங்காவது எதிர்ப்பட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

ஏழு மாதம் கழித்து அக்கா கூப்பிட்டாள். ஆடிய பல்லைப் பிடுங்கிய இடம் ஆறவில்லையாம். பல் டாக்டர் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாராம். சதையைக் கிள்ளிப் பரிசோதித்தார்களாம். இடது பக்கக் கீழ்த்தாடையை எடுத்துவிடவேண்டும் என்கிறார்களாம். "உனக்குத்தான் தாடையப் பத்தித் தெரியுமே. எடுத்துட்டா எப்படிடே சாப்பிடுவாக?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். ஒருபக்கத் தாடை இல்லாமல் மிச்சத் தாடை எந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும், நாக்கு எப்படித் தடுமாறும், நீர் எந்த மூலையில் வடியும், எல்லாம் தெரியும். "பழகிரும்க்கா" என்றேன்.

இதற்குள் பயணக் காகிதம் கையில் இருந்தது. ஆனால் வேலையிலிருந்து போக விடுப்பு வேண்டும். கணினியில் படிவம். குடும்ப உறவு என்ற இடத்தில் அம்புக்குறியை அழுத்தினால் ஒரு பட்டியல் விழும். மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர். அத்தானுக்கு அதில் இடமில்லை. அலுவலகத்துக்கு எழுதினேன். சகோதரியின் கணவர் நெருங்கிய குடும்பத்தில் வரமாட்டார் என்று, என் வருத்தத்தில் தாங்களும் பங்குகொள்வதாக ஒரு வரியும் சேர்த்துப் பதில் வந்தது. அறுவை சிகிச்சைக்குப் போக முடியவில்லை. என் சொந்த விடுப்பு நாட்கள் சேர்ந்து, பருவத் தேர்வுகள் முடிந்து நான் கிளம்பும்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. இதையெல்லாம் எழுதும்போது கோபம் வருகிறது. கோபம் வருவது சுகமாகவும் இருக்கிறது, ஏனென்றால் அந்த ஏழு மாதத்தில் எந்தப் படிவமும் என் வாயைப் பொத்தவில்லை.

கிளம்புவதற்கு முன் உமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது எனக்கே ஆச்சரியம்.

"உனக்கு முன்னாலேயே தெரியுமா?" ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.

"சந்தேகம் இருந்தது."

"ஏன் அவரிடம் கேட்கவில்லை?"

விளக்க முயன்றேன். நம் பக்கத்தில் அக்காவின் கணவர் என்றால் அவருக்கு ஒரு மரியாதை உண்டு, அவர் உடம்பைப் பற்றிப் பெண் வீட்டார் பேசக்கூடாது என்று. தமிழில் நாற்பது வருடம் பெரிய பண்பாடாகத் தெரிந்த ஒன்று, ஆங்கிலத்தில் என் வாயிலிருந்து வந்தபோது அசிங்கமாக இருந்தது. இரண்டாவது வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் நம்மை விட்டு விலகிப் போகிறாள் என்று இத்தனை நாள் புலம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் நின்ற இடம்தான் சரியான இடமாகத் தெரிந்தது.

6

பேட்டை வீட்டுக்கு நான் முதன்முறையாக வெறுங்கையோடு போனேன்.

அத்தான் முன்னறையில் இல்லை. எதிர்த்த வீட்டுக்காரர்கள் முதல் பட்டறைப் பையன்கள் வரை அவரைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற முன்னறை அது. உள் அறையில் கட்டிலில் இருந்தார். கழுத்தில் துண்டு. முகத்தின் இடது பக்கம் பள்ளமாக இறங்கி, முகவாய் அந்தப் பக்கமாகக் கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும் துண்டை மேலே இழுத்துக்கொண்டு கண்ணால் சிரித்தார். பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது. வழியில் சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் பட்டறையைப் பற்றிக் கேட்டேன். பூட்டிக் கிடக்கிறது என்று கையை விரித்தார்.

அடுக்களையில் அக்கா கஞ்சியைச் சல்லடை அரிப்பில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சியோடு ஒரு பருக்கை போனாலும் புரைக்கேறிவிடுமாம். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"கல்யாணத்துக்கு முந்தியே சோத்தக் குழைய வடிக்க ஆரம்பிச்சிட்டேன்டே. காரத்தக் கொறச்சேன். அப்பளத்த நிப்பாட்டினேன். அவுக ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல. கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுவாக. திருப்பிக்கிட்டாத்தான் என்ன, இல்லியா? இப்ப என்ன, திருப்பதுக்கு மூஞ்சி இருக்கா?"

நான் தரையில் உட்கார்ந்தேன். அதற்காகத்தான் இத்தனை தூரம் வந்திருந்தேன். வீடியோவில் பார்த்ததைச் சொன்னேன். இடது பக்கம் மெல்லவில்லை என்று தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்மணி வந்து சொன்னதையும், நான் போனில் சுற்றிவளைத்துக் கேட்டுவிட்டு வைத்ததையும் சொன்னேன். அதைப் போட்டுக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்ததை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். விடவில்லை, அதையும் சொன்னேன்.

அக்கா கரண்டியை நிறுத்தவில்லை. தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒங்க பன்னி இப்படி ஒரு பக்கமாத் தின்னா என்ன செய்வீங்க?"

"அக்கா…"

"சும்மா சொல்லுடே. தெரிஞ்சுக்கிடணும்."

"அன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்திருவோம். மாட்டு டாக்டர் மாதிரி ஒருத்தர் இருக்கார், அவர் வந்து வாயத் தொறந்து பாப்பார். அவர் பாத்து எழுதிக் குடுக்காம மறுபடி தொடக்கூடாது."

"அன்னைக்கேயா?"

"அன்னைக்கே. தீனிய மிச்சம் வச்சாலே கூப்பிட்டுரணும். அது சட்டம்."

அக்கா அரிப்பைத் தட்டி, கீழே தங்கிய கஞ்சியை டம்ளரில் வழித்து ஊற்றினாள். சிந்தியதைத் துணியால் துடைத்தாள். அவள் அழுவாள், திட்டுவாள், கையில் இருப்பதை என்மேல் வீசுவாள் என்று விமானத்தில் பதினெட்டு மணி நேரம் யோசித்து வந்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை.

"இத அவுககிட்டச் சொல்லிராத" என்றாள்.

"அத்தான்ட்ட சொல்லி மன்னிப்புக் கேக்கத்தான்க்கா வந்தேன்."

"சொன்னா ஒனக்குப் பாரம் எறங்கிரும். நீ பாட்டுக்கு பிளேன் ஏறிருவே. அவுகளுக்கு? மச்சினன் பாத்தான், பாத்துட்டுப் பேசாம இருந்தான், அங்கன நாலு பேருக்குப் போட்டுக் காட்டிச் சிரிச்சான்னு தெரிஞ்சா, இந்தக் கஞ்சி எறங்குமா? ஒன்னப் பத்தி வாரவங்க போறவங்கட்டல்லாம் எவ்வளவு பெருமையாப் பேசுத மனுசன் தெரியுமா? இருக்க வரைக்கும் அதாவது இருந்துட்டுப் போகட்டும்."

அவள் டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"பைய, பாத்துக் கொண்டு போ. சூடா இருக்கு. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவுல கொஞ்சம் விட்டுக் குடிக்கச் சொல்லு."

உள் அறைக்குக் கொண்டுபோனேன். அத்தான் தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆனால் குடிக்கவில்லை. வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எதிரே நாற்காலியில் அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்து பழக்கம்.

"மச்சான்" என்றார்.

"சொல்லுங்க அத்தான்."

"குடிக்கும்போது வழியும். நீ பாக்காதவே."

நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் அந்த ஒரு டம்ளரைக் குடித்து முடிக்க அரை மணி நேரத்துக்குமேல் ஆனது.